நாற்பது பேரின் காலைச் சாப்பாடு

"முந்தைய ஆராய்ச்சி அனுபவத்தை விவரிக்கவும்" என்ற கேள்விக்கு இளவேனில் எழுதியிருந்த பத்தி நன்றாகத்தான் இருந்தது. விடுதியில் வாங்கிப் படித்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள். அதில் சொல்லியிருந்தது பெரும்பாலும் நடக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

உடனே அவளை மோசக்காரி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விண்ணப்பம் என்று ஒன்று கைக்கு வந்தால் நம்மில் யார்தான் உள்ளதை உள்ளபடி எழுதுகிறோம்? பேராசிரியருக்குப் பை தூக்கிக்கொண்டு போனதைக் களப்பணி என்கிறோம். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததை "மேற்கொண்டேன்" என்கிறோம். ஊர் வழக்கப்படிதான் அவளும் எழுதினாள். அவளுடைய போதாத காலம், ஃபெல்லோஷிப் கொடுக்கிற வாரியம் அந்த ஆண்டுதான் நினைவுமானியைக் கொண்டுவந்தது.

நினைவுமானி என்பது ஒரு தொப்பி. அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, விண்ணப்பத்தில் எழுதிய அனுபவத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது மூளைக்குள் அந்த நினைவு எழுகிறதா, இல்லை வெறும் சொல்தானா என்று தொப்பி பார்த்துச் சொல்லிவிடும். நினைவு இருந்தால் பச்சை விளக்கு. இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் ஃபெல்லோஷிப்பும் போய், வாங்கிய பட்டமும் போய்விடும் என்று அறிவித்திருந்தார்கள்.

திருச்சியில் அவள் படித்த துறைக்கு அந்த அறிவிப்பு வந்தபோது இளவேனில் தன் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். அதில் அவள் எழுதிய பத்தி இதுதான்: "நினைவை வாசிக்கும் கருவியின் பாதுகாப்பு எல்லையை நாற்பது தன்னார்வலர்களிடம் சோதித்தோம். ஒவ்வொருவருக்கும் துடிப்பின் அளவைப் படிப்படியாக உயர்த்தி அளவீடுகள் எடுத்தோம். பாதுகாப்பான எல்லை பன்னிரண்டு அலகு என்று கண்டறிந்தோம்."

ஆமாம், அதே தொப்பிதான். அதை எத்தனை அலகில் இயக்கினால் ஆபத்தில்லை என்று சொன்னதே அவளும் அவளுடைய வகுப்புத் தோழன் அமலனும் சேர்ந்து செய்த எம்.எஸ்சி. புராஜெக்ட்தான். இப்போது அந்தத் தொப்பிக்கு முன்னால் அவளே போய் உட்கார வேண்டும்.

யாரிடமாவது கேட்டால் தேவலை என்று தோன்றியது. இரண்டு வருடம் மூத்தவளான ரஹ்மத் நிஷா போன மாதம்தான் சரிபார்ப்புக்குப் போய்ப் பச்சை விளக்கு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அவள் எழுதியிருந்ததும் பொய்தான். கொல்லிமலையில் மழைக்காலம் முழுக்கத் தங்கித் தவளைகளின் குரலைப் பதிவு செய்ததாக எழுதியிருந்தாள். உண்மையில் அந்த மழைக்காலத்தில் அவள் அம்மை போட்டு விடுதி அறையில் படுத்துக் கிடந்தாள். கதவு வரை கஞ்சி கொண்டுபோய் வைத்தவள் இளவேனில். சொறிந்துவிடாதீர்கள் என்று வெளியே நின்று கத்தியவளும் அவள்தான்.

அக்கா எந்தத் தந்திரத்தில் தப்பித்தாள் என்று கேட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அறைக்குப் போனாள்.

"போறதுக்கு முன்னாடி பயந்து செத்தேன்டி," என்றாள் நிஷா. "எதுக்குப் பயந்தேன்னுதான் இப்ப புரியல. நடந்ததைத்தானே சொல்லப் போறோம்?"

இளவேனில் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நான்தானே? எங்கிட்ட என்ன? கொல்லிமலைக்கு நீங்க..."

"அய்யோ, அந்த மலையை மறக்க முடியுமா? என்னா மழை! ரெக்கார்டரை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னிருக்கேன், நனைஞ்சிடக் கூடாதுன்னு. அட்டை வேற. இங்க பாரு." நிஷா சல்வாரைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். சின்னச் சின்னக் குழிகளாகத் தழும்புகள். "எல்லாம் அட்டை கடிச்சது."

"அக்கா, அது அம்மைத் தழும்பு."

"எனக்கு அம்மையே போட்டதில்லையேடி!" என்று நிஷா சிரித்தாள்.

பொய் சொல்கிறவர்கள் முகத்தில் ஏதாவது ஓர் இடத்தில் ஒரு சின்ன அசைவாவது இருக்கும். நிஷாவின் முகம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. அவள் மழையில் நின்றிருக்கிறாள். ரெக்கார்டரை அணைத்திருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது நடந்தது, அவ்வளவுதான். இளவேனில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வெளியே வந்தவள், அறைக்குத் திரும்பவில்லை. நேரே அமலனைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

அமலன் துறைக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துகிற கூரையடியில் இருந்தான். நெட்டையான பையன், எதையும் இரண்டு தடவை யோசித்துவிட்டுப் பேசுகிறவன். அவள் மூச்சு வாங்கச் சொன்னதை அவன் முழுதாகக் கேட்டான்.

"சின்னப்பன் அண்ணனை ஞாபகம் இருக்கா?" என்றான்.

இருக்காதா? அவர்தான் துறையின் அட்டெண்டர். அவர்களுடைய முதல் தன்னார்வலர்.

அந்தச் சோதனை எப்படி என்று சொன்னால்தான் விஷயம் புரியும். ஒரு நினைவை வாசிக்க வேண்டுமானால் அதைக் கொஞ்சம் இளக்க வேண்டும், வெல்லப்பாகைச் சூடு பண்ணுகிற மாதிரி. தொப்பி அனுப்புகிற துடிப்பு அதைத்தான் செய்கிறது. அளவோடு இளக்கினால் வாசிக்கலாம். அளவு மீறினால் நினைவு உருகிவிடும். அப்போது வாய் எதைச் சொல்கிறதோ அது உள்ளே கலந்து அப்படியே இறுகிவிடும். அந்த அளவு எது என்று கண்டுபிடிப்பதுதான் புராஜெக்ட். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது காலைச் சாப்பாடு. தன்னார்வலருக்கு அவர்களே டிபன் வாங்கிக் கொடுப்பார்கள். பிறகு தொப்பியை மாட்டி, சாப்பிடாத ஒன்றைச் சாப்பிட்டதாகச் சொல்ல வைப்பார்கள். மறுநாள் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் துடிப்பை இன்னும் கொஞ்சம் கூட்டுவார்கள்.

சின்னப்பன் ஒவ்வொரு நாளும் இட்லி சாப்பிட்டார். ஒவ்வொரு நாளும் தொப்பிக்குக் கீழே பொங்கல் என்று சொன்னார். ஆறு அலகு வரை மறுநாள் இட்லி என்றே சொன்னவர், ஏழு வைத்த மறுநாள் காலையில், "பொங்கல்தாம்மா. மிளகுதான் பல்லுல கடிபட்டுக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

அடுத்து வந்த மூன்று பேருக்கும் ஏழுக்குப் பக்கத்திலேயே நினைவு உருகிவிட்டது. அதோடு கருவியின் மின்சாரப் பெட்டி புகைந்து அணைந்துவிட்டது. புராஜெக்டை நடத்திய பத்மாசனி மேடம் வந்து பார்த்தார். "வெளிநாட்டுல பன்னிரண்டு வந்திருக்கு. நமக்கு மட்டும் ஏழா? பெட்டியில கோளாறுப்பா. அந்த நாலையும் விட்டுடுங்க. நாற்பது பேருக்குப் போட்டுக் குடுங்க, வாரியத்துல கேக்கறாங்க" என்றார்.

போட்டுக் கொடுப்பது எப்படி என்று நம் ஊரில் அறிவியல் படித்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளஸ் டூ செய்முறைத் தேர்விலேயே அந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. ஊசலைக் கட்டி ஆட விட்டால் புவியீர்ப்பு தொள்ளாயிரத்து எண்பது வர வேண்டும். வராது. உடனே தொள்ளாயிரத்து எண்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவீடுகளை எழுதிவிடுவோம். ஒன்றிரண்டை மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் பிசகாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் தேர்வாளருக்குச் சந்தேகம் வரும். இதைத் தப்பு என்று யாரும் நினைத்ததே இல்லை. நன்றாகச் செய்கிறவனைக் கெட்டிக்காரன் என்போம். இளவேனிலும் அமலனும் கேன்டீனில் உட்கார்ந்து, போண்டா தின்றுகொண்டே, இல்லாத முப்பத்தாறு பேருக்கு இட்லியும் பூரியும் கொடுத்து, நாற்பது பேரையும் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சின்னப்பனுக்குப் பதினொன்றரை போட்டார்கள்.

"நம்ம நம்பரைத்தான் வெச்சு ஓட்டறாங்க," என்றான் அமலன். "பன்னிரண்டுல. நிஷாக்கா வாசிச்சதை அது சரிபார்க்கல வேனில். எழுதிடுச்சு. எழுதிட்டு, எழுதினதைப் பார்த்துட்டுப் பச்சை விளக்கு போட்டுடுச்சு."

"அப்ப யாருக்குமே சிவப்பு வராதா?"

"யாருக்காவது வந்ததாக் கேள்விப்பட்டியா?"

அவள் கேள்விப்படவில்லை. வாரியம்கூட அதைப் பெருமையாக அறிவித்திருந்தது, நம் மாணவர்கள் நேர்மையானவர்கள் என்று.

"ஃபெல்லோஷிப்போட போச்சுன்னா பரவாயில்லை," என்றான் அவன். "அடுத்த மாசத்துலேருந்து கோர்ட்டுக்குப் போகுது. சாட்சி சொல்ல வர்றவங்களுக்கு இந்தத் தொப்பியை மாட்டப் போறாங்க. போலீஸ் எழுதிக் குடுத்ததைச் சாட்சி வாசிப்பான். வாசிச்சு முடிச்சா அதுதான் நடந்துச்சுன்னு அவனே நம்புவான். சூடத்துல அடிச்சு சத்தியம் பண்ணுவான்."

பிடிபட்டுவிடுவோமோ என்றுதான் இளவேனில் இதுவரை பயந்துகொண்டிருந்தாள். அந்தப் பயம் இப்போது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பிடிபடவே மாட்டோம் என்பதுதான் இப்போது அவளைப் பயமுறுத்தியது.

இரண்டு பேரும் பத்மாசனி மேடத்திடம் போனார்கள். என்ன திட்டினாலும் அவருக்கும் உண்மை தெரியும், அவர் ஒரு வார்த்தை சொன்னால் வாரியம் கேட்கும் என்று நம்பினார்கள். மேடத்தின் மேசையில் பூங்கொத்துகள் இருந்தன. இயக்குநர் பதவிக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அமலன் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னான். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து வந்து இளவேனிலின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லையே. என்னம்மா ஆச்சு ரெண்டு பேருக்கும்? நாற்பது பேரும்தான் வந்தாங்களே. வராந்தா பெஞ்சுல வரிசையா உக்காந்திருந்தாங்க. பாவம், இடம் பத்தாம சில பேர் நின்னாங்க. நான்தானே அத்தனை பேருக்கும் டிபன் சொல்லிவிட்டேன்?"

"மேடம்," என்றாள் இளவேனில். "உங்களுக்குச் சரிபார்ப்பு முடிஞ்சிடுச்சா?"

"போன வாரம் ஆச்சு. பதவிக்கு வர்றவங்க எல்லாருக்கும் இப்ப உண்டுல்ல? இந்த புராஜெக்டைப் பத்தித்தான் வாசிச்சேன். பச்சை விளக்கு." அவர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். "பயப்படாதீங்க. நல்லா உழைச்சீங்க. உழைச்சதைச் சொல்றதுக்கு என்ன பயம்?"

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதிகாரத்தோடு மிரட்டியிருந்தால்கூட இளவேனில் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். படியிறங்கும்போது அவள் அமலனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். இனி உலகத்திலேயே அந்தக் கணக்கு பொய் என்று தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தார்கள். உடனே பதில் வந்தது, ஆளில்லாமல் தானாக வருகிற பதில். ஆய்வு அனுபவம் குறித்த எந்தக் கூற்றும் நினைவுமானிக்குக் கீழே சொல்லப்பட்டால் மட்டுமே ஏற்கப்படும் என்றது. ஒரு பத்திரிகைக்காரரிடம் பேசினார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "இதைத் தொப்பி போட்டுச் சொல்லியிருக்கீங்களா?" என்பதுதான். வெறும் வாயால் சொல்கிற உண்மைக்கு இந்த ஒரு வருடத்திலேயே மதிப்பில்லாமல் போயிருந்தது.

"போக வேண்டாம்," என்றான் அமலன். "விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடுவோம். நமக்காவது ஞாபகம் மிஞ்சும்."

"மிஞ்சி என்ன பண்ண? ஊறுகாயா போட?" என்றாள் இளவேனில். பயந்தால் அவளுக்குக் கோபம் வரும். "நான் போறேன். வாசிச்சு முடிச்சதும் திருத்தம் ஏதாவது இருக்கான்னு கேப்பாங்களாம். நிஷாக்கா சொன்னாங்க. அப்ப தொப்பி தலையிலதானே இருக்கும்? நாலு பேர்தான், ஏழுதான்னு அங்கேயே சொல்லிடறேன். தொப்பி வழியா போனா யாரும் தள்ள முடியாது."

"அதுக்கு முன்னாடி பத்தியை வாசிக்கணுமே."

"வாய் வாசிக்கட்டும். மனசு நம்ம பக்கம் இருந்தா சரி. சின்னப்பன் அண்ணனையே நினைச்சுக்கிட்டு இருப்பேன். நிஷாக்கா தெரியாம போனாங்க. மேடமும் தெரியாம போனாங்க. எனக்குத் தெரியும்ல?"

அமலன் இரண்டு தடவை யோசித்தான். அவனுக்கும் வேறு வழி தோன்றவில்லை.

ஒரே புராஜெக்ட் என்பதால் இரண்டு பேரையும் ஒரே காலையில், ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டிருந்தார்கள். சரிபார்ப்பு மையம் ஒரு பழைய பயிற்சிக் கல்லூரியின் மாடியில் இருந்தது. வெளியே நாற்காலிகள், தண்ணீர் கேன், சுவரில் சிரிக்கிற மாணவர்களின் படம். இளவேனிலின் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே கிருபாகரன் என்கிற அதிகாரி இருந்தார். ஓய்வுபெறுகிற வயது, மெல்லிய குரல்.

"வாம்மா, உக்காரு. சாப்பிட்டியா?" என்றார்.

யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். இளவேனிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சாப்பிட்டேன் சார்," என்று சொல்லிவிட்டு, தொப்பியை அவர் கையில் எடுப்பதற்குள் அவசர அவசரமாகப் பேசினாள். "சார், வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான் எழுதினது பொய். நாற்பது பேர் இல்ல, நாலு பேர்தான். எல்லை பன்னிரண்டு இல்ல, ஏழு. இந்தத் தொப்பி ஆபத்து சார். தயவுசெஞ்சு இதை முதல்ல பதிவு பண்ணிக்குங்க."

கிருபாகரன் கோபப்படவில்லை. தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தொப்பி இல்லாம சொல்றதைப் பதிவு பண்ண எனக்கு அதிகாரம் இல்லம்மா. முதல்ல பத்தி, அப்புறம் திருத்தம். வரிசையை மாத்தினா கருவி எடுக்காது."

"சார், நான் சொல்றது நிஜம்."

"இருக்கட்டும்மா. வர்ற பிள்ளைங்க நிறைய பேர் இப்படித்தான். அழுதுக்கிட்டே, நான் எழுதினது பொய்யின்னு சொல்லுவாங்க. எல்லாம் பரீட்சை பயம். வாசிச்சு முடிச்சதும் தெளிஞ்சிடுவாங்க." அவர் அவளைத் தைரியப்படுத்துகிற மாதிரி சிரித்தார். "இதுவரைக்கும் ஒருத்தரும் திருத்தம் கேட்டதில்ல."

எழுந்து ஓடிவிடலாம் என்று அவள் கால்கள் சொல்லின. கதவு பத்தடி தூரத்தில் திறந்துதான் இருந்தது. ஓடினால் அவள் தப்பிப்பாள். அடுத்த மாதம் ஏதோ ஒரு கோர்ட்டில் ஏதோ ஒருவன் தான் பார்க்காத கொலைக்குச் சாட்சி வாசிப்பான், அதை அவள் செய்தியில் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். கிருபாகரன் தொப்பியை மாட்டினார். அது குளிர்ந்திருந்தது. எதிரே திரையில் அவளுடைய பத்தி வந்தது.

சின்னப்பன் அண்ணன். இட்லி. இட்லி சாப்பிட்டுவிட்டுப் பொங்கல் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைத் திறந்தாள்.

"நினைவை வாசிக்கும் கருவியின் பாதுகாப்பு எல்லையை நாற்பது தன்னார்வலர்களிடம் சோதித்தோம்."

ஒன்றும் ஆகவில்லை. அவள் நினைவில் அந்த வராந்தா காலியாகத்தான் இருந்தது. பெஞ்சில் சின்னப்பன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அந்த மூன்று பேர். நாலு, நாலு, நாலு என்று அவள் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். நாலாவது ஆளுக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட சட்டையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அவள் அந்த ஆளைத் தள்ளிவிட்டாள். அவர், தொப்பி ரொம்பச் சில்லுன்னு இருக்கும்மா என்றார்.

நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்தாள். நிறுத்தினால் திருத்தம் சொல்ல முடியாது. கண்ணீர் வந்தது. கிருபாகரன், "அவ்வளவுதாம்மா, ரெண்டே வரி" என்றார்.

"ஒவ்வொருவருக்கும் துடிப்பின் அளவைப் படிப்படியாக உயர்த்தி அளவீடுகள் எடுத்தோம்."

கேன்டீன். கேன்டீனைப் பிடித்துக்கொள். போண்டா, கால்குலேட்டர், அமலனின் சிரிப்பு. அங்கேதான் உட்கார்ந்து எல்லாரையும் எழுதினோம். எழுதினோமா? எழுதத்தானே செய்தோம், எடுத்த அளவீடுகளை. பூரி சாப்பிட்ட அம்மா ஒருவர் தன் மகளின் கல்யாணத்தைப் பற்றி ஓயாமல் பேசினார். உப்புமா பிடிக்காது என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார். அவருக்கு இரண்டாம் நாள் தோசை வாங்கிக் கொடுத்தது அமலன். இல்லை. இப்படி யாரும் வரவில்லை. சின்னப்பன் ஒருவர்தான்... சின்னப்பன் என்ன சாப்பிட்டார்?

பொங்கல். மிளகு பல்லில் கடிபட்டது என்றாரே.

ஏதோ ஒன்று கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது, எது என்றுதான் பிடிபடவில்லை. வாய் மட்டும் ஒழுங்காக வாசித்துக்கொண்டு போயிற்று.

"பாதுகாப்பான எல்லை பன்னிரண்டு அலகு என்று கண்டறிந்தோம்."

பச்சை விளக்கு எரிந்தது.

கிருபாகரன் புன்னகை செய்தார். "நல்லதும்மா. திருத்தம் ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அடுப்படிக்குள் நுழைந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று விழிக்கிற மாதிரி இளவேனில் கொஞ்ச நேரம் விழித்தாள். கன்னம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று தெரியவில்லை. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சு தடையில்லாமல் வந்தது.

"இல்ல சார்," என்றாள்.

வெளியே அமலன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். அவள் வந்ததும் இரண்டே எட்டில் பக்கத்தில் வந்தான்.

"சொல்லிட்டியா? என்ன சொன்னாங்க?"

"பச்சை விளக்கு!" என்றாள் இளவேனில். "அமலா, ஒண்ணுமே இல்லடா. இதுக்குப் போய் இவ்வளவு பயந்திருக்கோம் பாரு."

அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. "வேனில், திருத்தம் சொன்னியா இல்லையா?"

"எதுக்குத் திருத்தம்?"

"நாலு பேர்டி. நாலே நாலு பேர்தான் வந்தாங்க. மிச்சத்தை நாம கேன்டீன்ல உக்காந்து எழுதினோம். சின்னப்பன் அண்ணன் இட்லி சாப்பிட்டுட்டு..."

"பொங்கல்டா," என்றாள் அவள் பொறுமையாக. "மிளகு கடிச்சுதுன்னு சொன்னாரே. அவர் முதல் ஆளு. அப்புறம் அந்தக் கட்டம் போட்ட சட்டை. உப்புமா வேண்டாம்னவருக்கு நீதானே ஓடிப்போய் தோசை வாங்கிட்டு வந்தே? அதுகூடவா மறந்துட்டே?"

அமலன் பின்னால் நகர்ந்தான். நாற்காலி ஒன்று இடறிக் கீழே விழுந்தது. அவளையே பார்த்துக்கொண்டிருந்த அவன் கண்கள் கலங்கிவிட்டன. இளவேனிலுக்கு மனசு இளகிப் போயிற்று. பாவம், எவ்வளவு கெட்டிக்காரப் பையன், பயத்தில் என்னென்னவோ உளறுகிறான். இந்த நிலைமையில் பயந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் அவனுடைய இத்தனை நாள் உழைப்பும் வீணாகிவிடும். அவள் விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்திவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உள்ள போகல," என்றான் அமலன். "என்னை விடு வேனில். இனி எனக்கு மட்டும்தான் தெரியும். தயவுசெஞ்சு விடு."

கதவைத் திறந்துகொண்டு கிருபாகரன் எட்டிப் பார்த்தார். "அடுத்தது அமலன். யாரும்மா, இவரா?"

"இவன்தான் சார். கொஞ்சம் பயப்படறான்."

"எல்லாருக்கும் வர்றதுதான்மா. வா தம்பி, சாப்பிட்டியா?"

அமலன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். இளவேனில் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, குழந்தையை ஊசி போட அழைத்துப் போகிற தாய் மாதிரி, கதவை நோக்கி அவனை மெல்ல நடத்திக்கொண்டு போனாள்.

"நான் பக்கத்துலயே இருக்கேன்டா. பத்தியை மட்டும் வாசிச்சிடு," என்றாள். "வாசிச்சா எல்லாம் ஞாபகம் வந்துடும்."